ஃபேன்சி டிரஸ் பார்ட்டிக்கு எதைப் போட்டால் மாட்டுவோம்: இளவரசர் ஹாரியை வைத்து ஒரு கையேடு

இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ படிக்கவும் வேலைக்கும் போகிறவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் எப்படியும் ஒரு ஃபேன்சி டிரஸ் அழைப்பு வந்துவிடும். பிறந்தநாள், ஹாலோவீன், ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டி, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் போடும் கூத்து, ஏதாவது ஒன்று. நம்மூரில் ஃபேன்சி டிரஸ் என்றால் எல்கேஜி பையனுக்கு பாரதியார் மீசை வரைந்து மேடையில் ஏற்றிவிடுவதோடு முடிந்தது. அங்கே அது பெரியவர்கள் கையில் கோப்பையோடு செய்கிற காரியம், பக்கத்தில் எப்போதும் ஒரு கேமரா இருக்கும். என்ன போடலாம் என்று ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். எதைப் போடக்கூடாது, போட்டுத் தொலைத்துவிட்டால் எப்படி எழுந்து வருவது என்பதை இங்கே பார்ப்போம். உதாரணத்துக்கு இளவரசர் ஹாரி. இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தப்புகளில் பெரும்பாலானவற்றை அவர் வரிசையாகச் செய்திருக்கிறார், அதில் பாதியைப் பிற்பாடு தன் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறார் என்பதால் நமக்கு வசதி.

கதை தெரியாதவர்களுக்கு: 2005 ஜனவரி 8, சனிக்கிழமை. வில்ட்ஷயரில், குதிரையேற்றத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ரிச்சர்ட் மீட் வீட்டில் அவருடைய மகனின் பிறந்தநாள் விருந்து. ஹாரிக்கு அப்போது 20 வயது. மணல் நிறத்தில் ஜெர்மன் பாலைவனப் படையின் சட்டை, கையில் சிவப்புப் பட்டை, பட்டையில் ஸ்வஸ்திகா. விரலிடுக்கில் சிகரெட், இன்னொரு பக்கம் கோப்பை. வந்திருந்த யாரோ படம் எடுத்துவிட்டார். 13ஆம் தேதி அது சன் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது (நம்ம சன் டிவி இல்லை, லண்டன் சன்). தலைப்பு 'ஹாரி த நாஜி'. அன்று மாலைக்குள் எதிர்க்கட்சித் தலைவரிலிருந்து இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் வரை எல்லோரும் பேசியாகிவிட்டது.

அழைப்பிதழிலிருந்தே ஆரம்பியுங்கள்

எல்லோரும் ஹாரியின் கைப்பட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த விருந்துக்கு என்ன தலைப்புக் கொடுத்திருந்தார்கள் தெரியுமா? 'காலனிக்காரர்களும் பூர்வகுடிகளும்'. பாதிப் பேர் தொப்பி போட்ட துரைகளாக வர வேண்டும், மீதிப் பேர் அவர்கள் ஆண்ட மக்களாக வர வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஆட வேண்டும். அதுவும் ராஜ குடும்பத்துப் பிள்ளைகள் வருகிற வீட்டில். அப்போது எழுந்த சத்தத்தில் இந்தத் தலைப்பைப் பற்றிய சத்தம் ரொம்பக் குறைவு. ஸ்வஸ்திகா எல்லாவற்றையும் மூடிவிட்டது. நம்மைக் கேட்டால், அந்த ராத்திரியின் முதல் தப்பு கடையில் நடக்கவில்லை, அந்த அட்டையை அச்சடித்தபோதே நடந்துவிட்டது.

ஆகவே தலைப்பைப் படித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தலைப்புக்கு உடை போட வேண்டுமென்றால் நான் ஏதாவது ஒரு நிஜ மக்கள் கூட்டமாக மாற வேண்டியிருக்கிறதா? 'எண்பதுகள்', 'விண்வெளி', 'சர்க்கஸ்' என்றால் பிரச்சினை இல்லை. 'அரேபிய இரவுகள்', 'மெக்சிகோ', 'பாலிவுட்' என்று வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைத்தவர் நல்ல நண்பராகக்கூட இருப்பார், பாவம் யோசிக்காமல் வைத்திருப்பார். தலைப்பைப் பக்கவாட்டில் கடந்து போக வழி இருக்கிறது. அதே விருந்துக்கு வந்த அண்ணன் வில்லியம் சிங்கமோ சிறுத்தையோ, ஏதோ ஒரு பூனைக் குடும்பத்து மிருகமாக வந்தார். காலனி என்றால் காடு, காடு என்றால் மிருகம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். பார்க்க அசட்டுத்தனமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அதைப் போட்டதற்காக யாரும் அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

கடையில் தொங்குகிறது என்பதற்காக எடுக்காதீர்கள்

ஹாரி அந்த உடையை வாடகைக்கு எடுத்தது குளோஸ்டர்ஷயரில், அவருடைய அப்பாவின் ஹைகுரோவ் வீட்டுக்குப் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில். வேட உடைக் கடைகளில் நாஜி சீருடை இருப்பதில் ஆச்சரியமில்லை. இரண்டாம் உலகப் போர் நாடகம் போடுகிறவர்களுக்கு அது வேண்டும், மேடையில் வில்லனுக்கு யாராவது அந்தச் சட்டையைப் போட்டுத்தானே ஆக வேண்டும். அங்கே அதற்குக் கதை இருக்கிறது, எதிரில் நிற்க ஆள் இருக்கிறார், பார்க்க வந்தவர்களுக்கு எதைப் பார்க்கிறோம் என்று தெரியும். அதே சட்டை ஒரு பிறந்தநாள் விருந்தில் கோப்பையோடு நிற்கும்போது கதை கழன்று விழுந்துவிடுகிறது, சட்டை மட்டும் மிஞ்சுகிறது. கடைக்காரரைக் கேட்டால் 'நிறையப் பேர் எடுத்துட்டுப் போறாங்க' என்பார். அவருக்கு வாடகை வந்தால் சரி, படம் வரப்போவது உங்கள் முகத்தோடு.

இன்னொன்று, ஹாரியின் தன்வரலாறு 2023 ஜனவரியில் வந்தபோது தெரிந்தது: கடைசியில் அவர் கையில் இரண்டு தேர்வுகள் இருந்திருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் விமானியின் சீருடை, இன்னொன்று இது. விமானிச் சட்டையை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. (பின்னாளில் நிஜமாகவே ராணுவத்தில் அப்பாச்சி ஹெலிகாப்டர் ஓட்டினார் என்பது தனி விஷயம்.) இரண்டில் எது என்று தடுமாறினால் எது குறைவாகச் சிரிப்பு வரவைக்கிறதோ அதை எடுங்கள். கேட்க உப்புச்சப்பில்லாத யோசனை மாதிரி இருக்கும், ஆனால் மாட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் கொஞ்சம் சிரிப்புக்கு ஆசைப்பட்டவர்கள்தான்.

யாரிடம் காட்டிக் கேட்பது

இதுதான் இந்தக் கையேட்டின் முக்கியமான பகுதி, மற்றதைத் தாவினாலும் இதைத் தாவாதீர்கள். அதே புத்தகத்தில் ஹாரி சொல்கிறார்: அண்ணனுக்கும், அப்போது அண்ணனின் காதலியாக இருந்த கேட் மிடில்டனுக்கும் போன் போட்டு எது என்று கேட்டாராம், நாஜி உடையையே போடு என்றார்களாம், பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இது அவர் தரப்புக் கதை. அரண்மனை அந்தப் புத்தகத்துக்கே பதில் சொல்லவில்லை, அதனால் அண்ணன் தரப்பு என்ன என்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஹாரி சொன்னபடியே நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், அவர் யாரிடம் கேட்டார் பாருங்கள். தன் வயசு, தன் வீடு, தன் நிறம், தன் பள்ளி, தன் சிரிப்பு. கண்ணாடியைப் பார்த்துக் கேட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேட்க வேண்டியவர் அந்த உடையால் கோபப்படக்கூடியவருக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருப்பவர். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றால் அதுவே பதில்: உங்களுக்குத் தெரியாத மக்களின் விஷயத்தை எடுத்து உடம்பில் மாட்டாதீர்கள். தெரிந்த ஆள் இருக்கிறார், ஆனால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால் அதுவும் பதில்தான். வகுப்பில் உள்ள ஒரு யூத நண்பரிடமோ நைஜீரிய நண்பரிடமோ 'நான் இப்படி வரலாம்னு இருக்கேன்' என்று சாதாரணமாகச் சொல்ல உங்கள் வாய் வரவில்லை என்றால் உடையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாடகைப் பணம் போனால் போகட்டும்.

'அவன் ஒன்றும் தப்பா எடுத்துக்க மாட்டான்' என்று மூன்றாவது ஆள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அவனைப் பற்றிச் சொல்ல அவனே இருக்கிறான்.

எதில் கை வைக்கக் கூடாது

பட்டியல் போட்டால் நீளும், அப்புறம் பட்டியலில் இல்லாததை ஒருவர் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கொலை செய்த இயக்கத்தின் சின்னம். ஹாரி விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் போட்டது ஜெர்மன் தளபதி ரோமலின் ஆப்பிரிக்கப் படைச் சட்டை, அந்த வீரர்களின் சீருடையில் அந்த ஸ்வஸ்திகா கைப்பட்டையே கிடையாது, அது நாஜி கட்சிக்காரர்கள் கட்டியது. சரித்திரப்படி பார்த்தால் வேடமே தப்பு. அந்தப் பட்டை இல்லாமல் போயிருந்தால் பழைய ஜெர்மன் சிப்பாய் என்று முகம் சுளித்துவிட்டு விட்டிருப்பார்கள், முதல் பக்கத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். பட்டையைக் கட்டியதும் அது 60 லட்சம் யூதர்களைக் கொன்றவர்களின் உடையாகிவிட்டது. அந்தப் பாலைவனப் படையோடு 1941இலும் 1942இலும் சண்டை போட்டவர்களில் பிரிட்டிஷார் மட்டும் இல்லை, இந்திய 4ஆம் டிவிஷன் வீரர்களும் இருந்தார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். காலனி விருந்தில் அந்தக் கணக்கை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள், ஊரைப் பொறுத்து சட்டப் பிரச்சினையும் கூட. பிரிட்டனில் தனியார் விருந்தில் இப்படி உடுத்துவதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஜெர்மனியில் நாஜி சின்னங்களைப் பொது இடத்தில் காட்டினால் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை கிடைக்கலாம். பிரான்சில் அந்த மாதிரிச் சீருடையோடு பொது இடத்தில் வந்தால் அபராதம், சினிமா, நாடகம், சரித்திரக் கண்காட்சிக்கு மட்டும் விலக்கு. 2011 டிசம்பரில் பிரிட்டிஷ் எம்பி எய்டன் பர்லி தன் நண்பர்களோடு வால் தோரன்ஸ் என்ற பிரெஞ்சு பனிச்சறுக்கு ஊருக்கு மாப்பிள்ளை விருந்துக்குப் போனார். மாப்பிள்ளைக்கு ஹிட்லரின் எஸ்எஸ் படைச் சீருடை. மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நீதிமன்றம் அபராதம் போட்டது, பர்லிக்கு இருந்த அரசாங்கப் பொறுப்பு போனது. ஹாரி கதை நாடறிந்து ஆறேழு வருடம் ஆன பிறகு, ஒரு எம்பிக்கு இது தோன்றவில்லை.

இரண்டாவது, தோலின் நிறம். உடை மாற்றலாம், தொப்பி வைக்கலாம், தோலைப் பூசாதீர்கள். கனடா பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ 2001இல் வான்கூவரில் ஆசிரியராக வேலை பார்த்தபோது, பள்ளியின் 'அரேபிய இரவுகள்' விருந்துக்கு அலாவுதீன் மாதிரித் தலைப்பாகை கட்டி, முகம் கழுத்து கை எல்லாம் பழுப்பு மை பூசிக்கொண்டு போனார். 29 வயது. படம் 2019 செப்டம்பரில், தேர்தல் பிரச்சாரத்துக்கு நடுவில் வெளியே வந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்து வந்தது. நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: நாமும் பழுப்புதானே, நாம் கறுப்பு மை பூசினால் என்ன என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், அந்த வாதம் அங்கே எங்கேயும் எடுபடாது, எடுபடவும் கூடாது.

மூன்றாவது, 'இது நகைதானே, இது அலங்காரம்தானே' வகை. 2017 டிசம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ராணியின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு கென்ட் இளவரசி மைக்கேல் ஒரு புரூச் குத்திக்கொண்டு வந்தார், நகை பூட்டிய கறுப்பு மனிதத் தலை, அடிமை வணிகக் காலத்து ரசனை. ஹாரிக்கு நிச்சயமாகியிருந்த, கறுப்பினத் தாயின் மகளான மேகன் மார்க்கல் அந்தக் குடும்ப விருந்துக்கு முதன்முதலாக வருகிற நாள் அது. ஏற்கெனவே பல தடவை போட்டதுதான் என்றது அவர் தரப்பு. அதுவரை ஒருவரும் சொல்லாததற்குக் காரணம் அந்த மேஜையில் சொல்லக்கூடியவர் யாரும் உட்கார்ந்ததில்லை என்பதுதான்.

நம் வீட்டு ஸ்வஸ்திகாவை என்ன செய்வது

கட்டாயம் இந்தக் கேள்வி வரும். ஹாரி படம் வந்த கையோடு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஜெர்மன் உறுப்பினர்கள் சிலர், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஸ்வஸ்திகாவைத் தடை செய்ய வேண்டும் என்று கிளம்பினார்கள். பிரிட்டனில் இருந்த இந்து அமைப்புகள், எங்கள் கோயிலிலும் கல்யாணத்திலும் வாசலிலும் இருக்கிற மங்கலச் சின்னத்தை ஹிட்லர் எடுத்துக்கொண்டதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று எதிர்த்தன. சில வாரங்களில் அந்த யோசனை கைவிடப்பட்டது. 2007இல் ஜெர்மனி ஒன்றியத்தின் தலைமையில் இருந்தபோது மறுபடி எழுந்தது, மறுபடியும் இந்து அமைப்புகள் எதிர்த்தன, மறுபடியும் நிற்கவில்லை. ஒரு இளைஞன் ஒரு ராத்திரி கட்டிய பட்டையால் லண்டனில் கிரகப்பிரவேசம் செய்கிறவர்கள் வரை தங்கள் வாசலுக்காக வாதாட வேண்டி வந்தது.

நடைமுறைக்கு வருவோம். வீட்டு வாசல், பூஜை அறை, புதுக்கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, இதிலெல்லாம் நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் சாதாரணமாகச் சொல்லுங்கள். அதே சின்னத்தை ஃபேன்சி டிரஸ் பார்ட்டிக்குப் போகிற உடையில் மட்டும் வைக்காதீர்கள். வேடம் போட்டு வருகிற இடத்தில் எல்லாமே வேடமாகத்தான் பார்க்கப்படும், அங்கே பத்துப் பேருக்கு வேத காலத்திலிருந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருக்க முடியாது. சாய்ந்திருந்தால் நாஜி, நேராக இருந்தால் நம்முடையது என்று ஒரு விதி சொல்வார்கள், அதை நம்பிப் போகாதீர்கள். நாஜிகள் நேராகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிவப்புத் துணியில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக இருந்தால் யாருக்கும் இரண்டாவது எண்ணம் வராது.

யார் போடுகிறார்கள், எந்த நாளில்

ஒரே உடை எல்லோர் மேலும் ஒரே எடையில் உட்காராது. ஹாரி மேல் அது ஏன் அத்தனை கனமாக உட்கார்ந்தது என்றால், அவர் வீட்டுக் கதை அப்படி. முதல் உலகப் போரின்போது 1917இல் ஜெர்மன் வாடை அடிக்கிறதென்று குடும்பப் பெயரையே வின்ட்சர் என்று மாற்றிக்கொண்டவர்கள். முடியைத் துறந்த எட்டாம் எட்வர்ட் 1937 அக்டோபரில் மனைவியோடு போய் ஹிட்லரைச் சந்தித்துவிட்டு வந்தவர். தாத்தா பிலிப்பின் அக்கா ஒருவரின் கணவர் எஸ்எஸ்ஸில் இருந்தார். 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு பக்கிங்ஹாம் அரண்மனை மேலேயே விழுந்தது, அப்போது கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் உள்ளே இருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் இன்னொரு கொள்ளுப்பாட்டி, பிலிப்பின் அம்மா ஆலிஸ். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஏதென்ஸில் தன் வீட்டிலேயே ஒரு யூதக் குடும்பத்தை ஒளித்து வைத்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ விசாரிக்க வந்தபோது கேள்வியே புரியாத மாதிரி உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். 1993இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரை, யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவர் வரிசையில் சேர்த்துக் கௌரவித்தது. ஜெருசலேமில் ஒலிவ மலையில்தான் அவர் கல்லறை இருக்கிறது. அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேரன், அந்தக் கௌரவம் கிடைத்துப் பன்னிரண்டே வருடத்தில், கையில் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் பெரியவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள் என்று சும்மா சொல்லவில்லை.

காலண்டரையும் ஒரு பார்வை பாருங்கள். படம் வந்தது ஜனவரி 13. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்டதன் 60ஆம் ஆண்டு ஜனவரி 27. பிழைத்தவர்கள், வயதானவர்கள், உலகத் தலைவர்கள் எல்லோரும் போலந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ஹாரி வேறு அந்த வருடமே சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சேரப் போகிறவர். இவர் அங்கே சேரத் தகுதியில்லாதவர் என்று, ஆயுதப் படைகளுக்கான முன்னாள் அமைச்சரான தொழிற்கட்சி எம்பி டக் ஹெண்டர்சன் சொல்லிவிட்டார். (மே மாதம் சேர்ந்துவிட்டார் என்பது வேறு.) நீங்கள் இளவரசர் இல்லை, சரி. அடுத்த வாரம் வேலை நேர்காணல் இருக்கிறதா, ஆபீஸில் ஏதாவது புகார் ஓடிக்கொண்டிருக்கிறதா, அதையாவது பாருங்கள்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் ஒரே ஒரு படம் வெளியே வர ஐந்து நாள் ஆனது. இப்போது நீங்கள் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் போய்விடும்.

மாட்டிக்கொண்டால்

முதலில் வேகம். இந்த ஒன்றை ஹாரி தரப்பு சரியாகச் செய்தது, படம் வந்த கையோடு அவருடைய அப்பாவின் லண்டன் இல்லமான கிளாரன்ஸ் ஹவுஸிலிருந்து அறிக்கை வந்துவிட்டது. ஆனால் அறிக்கையில் இருந்தது என்ன? ஏதாவது மனவருத்தமோ சங்கடமோ ஏற்படுத்தியிருந்தால் அதற்கு மன்னிப்பு, அது மோசமான உடைத் தேர்வு என்பதை அவர் உணர்கிறார், இவ்வளவுதான். 'ஏதாவது' என்று போட்டதும் வருத்தம் நிஜமாக இருந்ததா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. 'உடைத் தேர்வு' என்றதும் பச்சைச் சட்டைக்கு நீலப் பேண்ட் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. யாருக்கு வருத்தம், ஏன் வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மைக்கேல் ஹோவர்ட், அவரே யூதர், எவ்வளவு வருந்துகிறார் என்பதை ஹாரி தன் வாயால் சொல்லலாமே என்றார். சைமன் வீசன்தால் மையம் என்ற யூத அமைப்பின் ராபி (யூத மதகுரு) மார்வின் ஹையர் 27ஆம் தேதி ஆஷ்விட்ஸுக்கே போகட்டும் என்றார். அவர் போகவில்லை. செப்டம்பரில் 21ஆம் பிறந்தநாளை ஒட்டிய பேட்டியில்தான் அது முட்டாள்தனமான காரியம் என்று வாய் திறந்து சொன்னார். எட்டு மாதம் ரொம்பத் தாமதம்.

நீங்கள் எழுதினால் மூன்று விஷயம் போதும்: என்ன செய்தேன், அது யாரை எப்படிப் பாதிக்கும், இனி என்ன செய்யப்போகிறேன். 'யாராவது புண்பட்டிருந்தால்' வேண்டாம். 'என் நோக்கம் அதுவல்ல' வேண்டாம். 'என் நண்பர்களில் பலர்...' என்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே தடவையில் கக்கிவிடுங்கள். ட்ரூடோ படம் வந்த ராத்திரியே மன்னிப்புக் கேட்டார், பள்ளிக்கூடத்தில் இன்னொரு தடவையும் செய்ததாகச் சொன்னார். மறுநாள் காலையில் மூன்றாவதாக ஒரு வீடியோ வந்தது. எத்தனை தடவை செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதோடு முதல் நாள் மன்னிப்பின் மதிப்பும் போனது. (தேர்தலில் தப்பித்தார், பெரும்பான்மை இல்லாமல்.)

சொன்னதை வாபஸ் வாங்காதீர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆளுநர் ரால்ஃப் நார்தம் 2019 பிப்ரவரியில், கல்லூரி ஆண்டு மலரில் வந்த இனவெறிப் படத்தில் இருப்பது நான்தான் என்று ஒரு நாள் மன்னிப்புக் கேட்டார், மறுநாள் அது நான் இல்லை என்றார். அதே பேட்டியில், வேறொரு தடவை மைக்கேல் ஜாக்சன் மாதிரி ஆட முகத்தில் மை பூசியதுண்டு என்றார். இன்னும் மூன்வாக் ஆட வருமா என்று ஒரு நிருபர் கேட்டதற்கு சுற்றிலும் இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார், பக்கத்தில் நின்ற மனைவிதான் இது அதற்கான நேரமில்லை என்று தடுத்தார். உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழியைப் பங்கு போடாதீர்கள். பதினெட்டு வருடம் கழித்து அண்ணனும் அண்ணியும் சிரித்தார்கள் என்று எழுதியது உண்மையாகவே இருக்கலாம். படிக்கிறவனுக்கு அது 'அவன்தான் சொன்னான் டீச்சர்' என்றுதான் கேட்கிறது.

நிஜமான வேலை கேமரா இல்லாத இடத்தில் நடக்கும். ஹாரி சொன்ன மற்ற விஷயங்களில் எனக்கு மரியாதை வந்தது இதற்குத்தான்: லண்டனில் தலைமை ராபியைப் போய்ப் பார்த்தாராம், பெர்லினில் யூதப் படுகொலையிலிருந்து தப்பிய ஒருவரோடு பேசினாராம். 2022இல்தான் இதை வெளியே சொன்னார். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்கள் எதிரில் போய் உட்கார்ந்து, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது. அறிக்கையை யார் வேண்டுமானாலும் எழுதித் தருவார்கள், இதை நீங்கள்தான் போய்ச் செய்ய வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. 2009 ஜனவரியில் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் என்ற லண்டன் பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. அதில் ஹாரி, கூடப் பயிற்சி பெற்ற பாகிஸ்தான் வீரர் ஒருவரை, பிரிட்டனில் தெற்காசியர்களை அடிக்கும்போது சொல்கிற அதே இழிசொல்லால் குறிப்பிடுகிறார். எடுக்கப்பட்டது 2006இல், அதாவது கைப்பட்டைக் கூத்து முடிந்து ஒரு வருடம் போல ஆன பிறகு. மறுபடி ஒரு மன்னிப்பு. ஸ்வஸ்திகாவைத் தொடக்கூடாது என்பது புரிந்திருந்தது, தன் வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்பது இன்னும் புரியவில்லை. அதனால் ஒரு தடவை மாட்டி வெளியே வந்தவர்கள் 'அந்த உடையை இனிப் போட மாட்டேன்' என்று நிறுத்திக்கொள்ளாமல், மேலே சொன்னேனே, யாரிடம் கேட்பது என்று, அந்தப் பகுதிக்கு மறுபடி போங்கள்.

சரி, அப்போ என்னதான் போடுவது

மிருகங்கள், காய்கறிகள், பொருட்கள். கத்தரிக்காயாகப் போன ஒருவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் எழுதாது. டிராஃபிக் சிக்னல், பழைய டேப் ரெக்கார்டர், தபால் பெட்டி எல்லாம் அட்டையும் பெயின்ட்டும் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், வாடகையும் மிச்சம். தொழில் வேடம் என்றால் சமையல்காரர், டாக்டர், தீயணைப்பு வீரர். நிஜ மனிதர் வேடம் என்றால் நீங்கள் மதிக்கிற ஒருவராகப் போங்கள், நக்கலுக்கு எடுக்காதீர்கள், தோல் மை கிடையாது. வேட்டி கட்டிக்கொண்டு போய் 'இது என் ஊர் உடை' என்று நிற்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக, ஆனால் உங்கள் சொந்த உடையை அடுத்தவன் வேடமாகப் பார்க்கப்போகிறான் என்பதற்குத் தயாராகப் போங்கள். எதுவும் தோன்றவில்லை, நேரமும் இல்லை என்றால் ஒரு வேடிக்கையான தொப்பி மட்டும் வாங்கி சாதாரண சட்டை பேண்டோடு போங்கள். உள்ளே நுழைந்ததும் நிலைமை சரியில்லை என்று தோன்றினால் தொப்பியைக் கழற்றிக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, சாப்பாடு இருக்கும் பக்கமாகப் போய் நின்றுகொள்ளலாம்.